தவளை கத்திய மூன்று நாள்

மழைக்குப் பதிலாக வானம் பஞ்சு பஞ்சாகப் பனியைக் கொட்டுகிற வடதேசத்தில், நம் பாட்டன் பூட்டனெல்லாம் பிறப்பதற்கு வெகு காலம் முன்னால் ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டில் ஒரு ஜனக்கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் நாணல் என்று ஒருத்தி இருந்தாள். அவள் கதையைத்தான் சொல்லப் போகிறேன். பக்கத்தில் வந்து உட்காருங்கள். நடுவில் எழுந்து போகக் கூடாது.

அந்த ஜனங்கள் பிள்ளைக்குப் பெயர் வைக்க யோசிக்கவே மாட்டார்கள். பிறந்த அன்று கண்ணில் என்ன பட்டதோ அதுதான் பெயர். சதுப்பு நிலத்தோரம் பிறந்ததால் இவள் நாணல். ஊர்த் தலைவர் முதுகரடி. இப்படித்தான்.

அந்தக் காடு முழுக்க மேப்பிள் மரம். அவர்கள் அதைச் சர்க்கரை மரம் என்பார்கள். குளிர்காலம் முடிகிற சமயம் ராத்திரி உறைந்து, பகலில் உருகி, மறுபடி ராத்திரி உறையும். அப்போதுதான் மரத்தின் வேரிலிருந்து சாறு மேலே ஏறும். பட்டையில் ஒரு கீறல் போட்டு, மரச்சிம்பு ஒன்றைச் செருகிவிட்டால், சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும். தண்ணீர் மாதிரிதான் இருக்கும். குடம் குடமாகச் சேர்த்து, குடைந்த மரத்தொட்டியில் ஊற்றி, நெருப்பில் பழுத்த கல்லைப் போட்டுப் போட்டுக் காய்ச்சினால் கடைசியில் கைப்பிடிச் சர்க்கரை மிஞ்சும். பனிக்கிடங்கில் இறைச்சி தீர்ந்து, ஆற்றில் மீன் இன்னும் ஏறாத நாட்களில் பிள்ளைகளின் உயிரைப் பிடித்து வைப்பது அந்தச் சர்க்கரைதான்.

அதற்கு மூன்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்.

ஒரு மரத்துக்கு ஒரு கீறல்தான்.

கீறுவதற்கு முன்னால் மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, "கொஞ்சம் தா" என்று கேட்க வேண்டும்.

சதுப்பில் முதல் தவளை கத்தியதும் நிறுத்திவிட வேண்டும்.

ஏன் என்றால், தவளை கத்திய பிறகு மரத்தில் ஏறுவது சாறு இல்லையாம். அது பாலாம். கிளை நுனியில் கண் திறக்கப் போகிற மொட்டுக்கு மரம் கொடுக்கிற தாய்ப்பால். அதை மனுஷன் எடுக்கலாகாது. எடுத்தாலும் அவனுக்கு ஆகாது.

ஆனால் பாருங்கள், காட்டுக்கும் சதுப்புக்கும் நடுவே ஒரு குன்று. அந்தப் பக்கம் தவளை கத்தினால் இந்தப் பக்கம் கேட்காது. பழுத்த கல் தொட்டியில் விழுந்து "சுர்ர்" என்று சீறுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சே கேட்காது. அதனால் சதுப்போரமாக ஒரு குடிசை போட்டு, ஒருத்தியைக் காவல் வைத்திருந்தார்கள். அவள் வேலை கேட்பது. வேறு ஒன்றும் இல்லை. தவளை கத்தினால் குன்றேறி, உச்சியில் கிடக்கிற உலர்ந்த கட்டையைக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் மூன்று தடவை அடிக்க வேண்டும். டொம், டொம், டொம். அந்தச் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுச் சிம்புகளைப் பிடுங்கிவிடுவார்கள். சாறு காலம் முழுக்க வேறு யாரும் சதுப்புப் பக்கம் இறங்கக் கூடாது. தவளை மிரண்டு வாயை மூடிக்கொள்ளும் என்று பயம்.

பத்தொன்பது வருஷமாக அந்தக் காது நாணலுடையது. ஒரு வருஷம்கூடத் தவறியது கிடையாது.

காவலை விட்டு வந்து அவளால் மரம் கீற முடியாது, தொட்டி காய்ச்ச முடியாது. அதனால் சாறு இறங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் அவளுக்கு ஒரு சர்க்கரைக் கட்டி. தினமும் சாயங்காலம் குன்று உச்சியில் இருக்கிற வெட்டுண்ட அடிமரத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். அவள் ஏறி வந்து எடுத்துக்கொள்வாள்.

நாணலுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள், தூறல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாலு நாள் நடையில் கட்டிக் கொடுத்திருந்தாள். அங்கே ஒரு வழக்கம். முதல் பிள்ளை பெறுகிறவளுக்குத் தாய்வீட்டிலிருந்து பெட்டி நிறையச் சர்க்கரைக் கட்டி வர வேண்டும். வெந்நீரில் கரைத்து நாற்பது நாள் கொடுப்பார்கள். மரப்பட்டையில் தைத்த பெட்டி; சரியாக முப்பது கட்டி பிடிக்கும்.

தூறல் முழுகாமல் இருந்தாள். பனி முடிகிற சமயத்தில் பிள்ளை பிறக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

போன வருஷம் தவளை சீக்கிரம் கத்திவிட்டது. கிடைத்த இருபது கட்டியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு நாணல் மகளைச் சும்மா பார்த்து வரப் போனாள். சம்பந்தியம்மாள் பெயர் கூழாங்கல். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்க பக்கத்துத் தவளைக்கு ரொம்ப அவசரம் போலிருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சை நாணல் வருஷம் முழுக்க மென்றுகொண்டே இருந்தாள். இந்தத் தடவை பெட்டி நிறைய வேண்டும். மகள் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். காலையில் கும்பிடும்போதும் அதே வேண்டுதல், படுக்கும்போதும் அதே வேண்டுதல்.

அந்த வருஷம் பெட்டியில் இருபத்தேழு கட்டி சேர்ந்திருந்தது. நல்ல உச்சிவேளை. வெயில் முகத்தில் பட, நாணல் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

தவளை கத்தியது.

ஒரே ஒரு தவளை. வாத்து தொண்டையைக் கனைத்த மாதிரி ஒரு சத்தம். நாணல் கொட்டாப்புளியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். எழுந்தவள் பெட்டியைப் பார்த்தாள். மூன்று கட்டிக்கு இடம் காலியாக இருந்தது.

"ஒண்ணுதானே கத்துச்சு. இன்னொண்ணு கத்தட்டும், உறுதியாப் போய்ச் சொல்லலாம்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். இன்னொன்று கத்தியது. அவள் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் குன்றேறினாள். கட்டியை வைத்துக்கொண்டு சிட்டு நின்றிருந்தாள். தொட்டி காய்ச்சுகிற செந்நரியின் மனைவி இவள். செந்நரி வேறு கூட்டத்தில் பிறந்து, இவளைக் கட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டவன். மூன்று பெண் குழந்தைகள். இந்த வருஷம்தான் முதல் தடவையாகத் தொட்டியை அவன் கையில் ஒப்படைத்திருந்தார்கள்.

குன்று உச்சியில் எப்போதும் காற்று ஊளையிடும். சதுப்புச் சத்தம் அங்கே ஏறாது.

"கேட்டுச்சா அக்கா?" என்றாள் சிட்டு.

"இன்னும் இல்லடி."

இரண்டாம் நாள் பத்துத் தவளை கத்தியது. நாணல் அடுப்பு மூட்டினாள், அணைத்தாள், மறுபடி மூட்டினாள். சாயங்காலம் சிட்டு அடிமரத்தில் கட்டியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அக்கா, தொட்டியில வாசனை வேற மாதிரி வருதுன்னு அவரு சொல்றாரு. உங்ககிட்ட நல்லாக் கேட்டுட்டு வரச் சொன்னாரு. ஒண்ணும் கேக்கலையே?"

"கேட்டா வந்து அடிக்க மாட்டேனா? உன் புருஷனுக்கு மூக்குல சளி பிடிச்சிருக்கும். வெந்நீர் வச்சுக் குடு."

சிட்டு சிரித்தாள். "அதுவும் சரிதான். அந்த மூக்கை நம்பி என்ன பண்றது?" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள்.

மூன்றாம் நாள் சதுப்பு முழுக்கக் கத்தியது. குடிசையின் பட்டைச் சுவரெல்லாம் அதிர்ந்தது. நாணல் என்ன செய்தாள் தெரியுமா? மரத்திலிருந்து பாசியைப் பிய்த்தாள், உருட்டினாள், இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டாள். கேட்காததை எப்படிச் சொல்ல முடியும் என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டாள். கேட்பதற்காகவே சோறு தின்கிறவள் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம், "கேட்டுச்சா அக்கா?" என்றாள் சிட்டு. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"இல்ல."

முப்பதாவது கட்டியைப் பெட்டியில் வைக்கும்போது ஈர நாய் வாசம் மாதிரி ஏதோ வந்தது. புகையாக இருக்கும் என்று மூடியைத் தைத்துவிட்டாள்.

நாலாம் நாள் காலையில் கும்பிட்டாள். பாசியை எடுத்து எறிந்தாள். கொட்டாப்புளியைத் தோளில் போட்டுக்கொண்டு குன்றேறினாள். மனசு லேசாக இருந்தது. இன்றைக்கு அடித்துவிடலாம், இன்றைக்கே புறப்படலாம், உறைந்து கிடக்கிற ஆற்றின் பனி உடைவதற்குள் மகளிடம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

உச்சியில் நின்றவள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

காட்டில் புகை இல்லை. கல் சீறுகிற சத்தம் இல்லை. பிள்ளைகள் சத்தமும் இல்லை. கீழே தொட்டியைச் சுற்றி அத்தனை பேரும் அசையாமல் நின்றிருந்தார்கள்.

நாணல் இறங்கி ஓடினாள். பாதி வழியிலேயே நாற்றம் வந்து முகத்தில் அடித்தது.

பெரிய தொட்டி என்பது ஒருநாள் சரக்கு இல்லை. அன்றன்றைக்குக் காய்ச்சின பாகில் நாணலின் கட்டிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அதிலேதான் சேர்ப்பார்கள். கடைசி நாளில் மொத்தமாகக் கிண்டிச் சர்க்கரையாக்கிப் பங்கிடுவார்கள். ஒரு மாசச் சாறு, இருநூறு மரத்தின் சாறு, எழுபது பிள்ளைகளின் வாய்க்கு உள்ளது அதில் இருந்தது. முதுகரடி துடுப்பை விட்டுத் தூக்கினார். பாகு சொட்டவில்லை. சளி மாதிரி, கோழை மாதிரி, நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. செத்த எலியின் நாற்றம்.

மூன்று நாள் சாறு வீணாகும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்த மூன்று நாள் சாறு போய் முப்பது நாள் பாகையும் தின்றுவிடும் என்று நினைக்கவே இல்லை.

நடுவில் செந்நரி நின்றிருந்தான்.

பாகு பொங்காமல் இருக்க ஒரு துண்டு மான் கொழுப்பைப் போடுவது வழக்கம். அவன் கெட்ட கொழுப்பைப் போட்டுவிட்டான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

"பேர்லயே நரி இருக்கு. அப்பவே சொன்னேன், அசலூர்க்காரன் கையில தொட்டியைக் குடுக்காதீங்கன்னு" என்றான் ஒருவன்.

"உன் ஊர்ல சர்க்கரை மரமே கிடையாதாமே? உனக்கு எங்க தெரியப் போகுது, இது பாகா சாணியான்னு" என்றான் இன்னொருவன்.

முதுகரடி கையைக் காட்டினார். பேச்சு நின்றது.

"செந்நரி, கெட்டுப்போன கொழுப்பைப் போட்டியா?"

"இல்லை."

"தெரியாமப் போட்டியா?"

"இல்லை."

"அசந்து தூங்கினப்போ வேற எதுவும் விழுந்துச்சா?"

"இல்லைங்க மாமா. நான் தூங்கலை. ரெண்டு நாளாவே வாசனை சரியில்லைன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். தவளை கத்திருச்சோன்னுதான் எனக்குச் சந்தேகம்."

கூட்டத்தில் ஒருத்தரும் திரும்பி நாணலைப் பார்க்கவில்லை. அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

"தவளை கத்தியிருந்தா நாணல் வந்து அடிச்சிருப்பா" என்றார் முதுகரடி. "பத்தொன்பது வருஷம் அடிச்சவ அவ. உன் தப்பை மறைக்க அவ மேல கை காட்டாதே."

தொட்டியைக் கெடுத்தவனுக்கு அந்த ஊரில் ஒரே தண்டனை. அன்றைக்கே ஆற்றுப் பனியைத் தாண்டிப் போய்விட வேண்டும்; அந்தப் பருவத்தில் உண்டான எதையும் கையில் எடுத்துப் போகக் கூடாது; அடுத்த வருஷம் சாறு ஏறும் வரை திரும்பக் கூடாது. பெண்டாட்டி பிள்ளைகள் கூடப் போக முடியாது. ஆற்றிலோ பனி விரிசல் விட ஆரம்பித்துவிட்டது. "டணார், டணார்" என்று அது வெடிக்கிற சத்தம் தொட்டி வரைக்கும் கேட்டது. ஆள் உயிரோடு அக்கரை போய்ச் சேர்வானா என்பதே கேள்வி.

செந்நரி குனிந்து காலில் பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டான். கடைசிப் பெண் போய் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். சிட்டு அழவில்லை. நாணலையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. 'நீங்களாவது இவருக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அக்கா' என்று கெஞ்சுகிற பார்வை அது.

நாணலின் கையிலிருந்து கொட்டாப்புளி நழுவி விழுந்தது.

"தவளை மூணு நாளாக் கத்துது" என்றாள்.

யாரும் நம்பவில்லை. இதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள், அவளும் எதிர்பார்க்கவில்லை.

"பாவம், இரக்க மனசு" என்றாள் ஒரு கிழவி. "குழந்தைகளைப் பாத்து மனசு கேக்காமச் சொல்றா."

"நாணல், ஒருத்தனைக் காப்பாத்தப் பொய் சொல்லாதே. உனக்குப் பழக்கம் இல்லாத வேலை" என்றார் முதுகரடி, வெகு அன்பாக.

அந்த அன்பை அவளால் தாங்க முடியவில்லை. பொய் சொன்னபோது உண்மை என்று நம்பினார்கள். உண்மை சொல்லும்போது பொய் என்கிறார்கள். என்ன செய்வாள் அவள்? நெஞ்சில் கை வைத்துக் கடவுளைக் கூப்பிட்டாள். பிறகு முதுகரடியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குன்றேறினாள். ஊரே பின்னால் வந்தது.

இவ்வளவு பேர் இறங்கி வந்த அரவத்தில் சதுப்பு கப்பென்று அடங்கிவிட்டது. ஒரு தவளைகூடச் சத்தம் போடவில்லை. "எங்கே கத்துது?" என்றான் ஒருவன்.

நம் ஊர்ப் பெண்கள் மாதிரி வரிந்து கட்ட நாணலுக்குப் புடவை ஏது? அவள் கட்டியிருந்தது மான்தோல். அப்படியே முழங்கால் வரை பனித்தண்ணீரில் இறங்கினாள். இரண்டு கையையும் உள்ளே விட்டு எதையோ அள்ளித் தூக்கினாள்.

தவளை முட்டை. கண்ணாடிக் கூழில் கறுப்புப் பொட்டுப் பொட்டாக.

அன்றைக்கு இட்ட முட்டை கையில் நிற்காது, வழுக்கிக்கொண்டு ஓடும். நீர் குடித்து உப்பிக் கைநிறைய நிற்க வேண்டுமானால் மூன்று நாள் ஆகியிருக்க வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். நாணல் கையில் இருந்தது ஒரு பெரிய பந்தாக அசையாமல் நின்றது.

முதுகரடி அதைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"முதல் நாள் கேட்டியா?"

"கேட்டேன் அண்ணே."

"ரெண்டாம் நாள்?"

"கேட்டேன்."

"மூணாம் நாள்?"

"காதுல பாசியை வச்சுக்கிட்டேன்."

ஒருத்தரும் திட்டவில்லை. ஒருத்தரும் கல்லை எடுக்கவில்லை. அத்தனை பேரும் அவளைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. செந்நரி மட்டும் ஈரப் பனியில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே பனிச்செருப்பை அவிழ்த்தான்.

நாணல் குடிசைக்குள் போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். தைத்த மூடியைப் பிரித்து, மேலே இருந்த மூன்று கட்டியை எடுத்துச் சதுப்பில் எறிந்தாள். மிச்சம் இருபத்தேழு நல்ல கட்டி. அதை முதுகரடியின் காலடியில் வைத்தாள். எழுபது பிள்ளைக்கு இருபத்தேழு கட்டி எந்த மூலைக்கு? இருந்தாலும் வைத்தாள்.

யாரும் சொல்வதற்கு முன்னால் பனிச்செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மரங்களின் நடுவேதான் ஆற்றுக்கு வழி. சிம்புகளை இன்னும் யாரும் பிடுங்கவில்லை. சாறு சொட்டிக்கொண்டே இருந்தது. போகிற வழியில் கைக்கு எட்டின சிம்பையெல்லாம் அவள் பிடுங்கிக்கொண்டே போனாள். ஒரு தாழ்ந்த கிளை கன்னத்தில் உரசியது. நிமிர்ந்து பார்த்தாள். நுனி மொட்டெல்லாம் சிவந்து பருத்திருக்க வேண்டிய காலம். பால் கிடைக்காத மொட்டுகள் சுருங்கி, தொட்டதும் உதிர்ந்தன. ஒன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. 'என் பிள்ளைக்காக உன் பிள்ளை வாயிலே இருந்து எடுத்தேன்' என்று மரத்திடம் சொன்னாள். மரம் என்ன சொல்லும்?

ஆற்றுப் பனி அவள் காலடியில் மூன்று இடத்தில் விரிசல் விட்டது. எப்படிக் கடந்தாளோ, கடவுளுக்குத்தான் தெரியும். அக்கரையில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தபோது ஆறு உடைந்து ஓட ஆரம்பித்திருந்தது.

நாலு நாள் நடந்து மகள் வீட்டு வாசலுக்குப் போனாள். முந்தின ராத்திரிதான் தூறலுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. சம்பந்தியம்மாள் கூழாங்கல்தான் கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"என்ன, வெறுங்கை? பெட்டி எங்கே?"

வழி முழுக்க நாணலுக்கு ஒரு பொய் கூடவே வந்திருந்தது. 'பெட்டி ஆற்றில் விழுந்துவிட்டது' என்று சொன்னால் போதும். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? பாவம் என்று வெந்நீர் கொடுப்பார்கள். மகள் தலையும் குனியாது. பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"பெட்டி ஊர்ல இருக்கு. நான் குத்தம் பண்ணிட்டேன். ஊரை விட்டு வந்துட்டேன்" என்றாள்.

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். முதல் தவளையில் ஆரம்பித்து உதிர்ந்த மொட்டு வரைக்கும் சொன்னாள். கூழாங்கல் கதவைப் பிடித்தபடியே முழுக்கக் கேட்டாள்.

உள்ளே தூறல் குழந்தையை மார்பில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய் இருந்தது.

"எனக்காகவாம்மா?"

"உனக்காகத்தான் கண்ணு."

"நான் உன்கிட்ட ஒரு கட்டிகூடக் கேக்கலையேம்மா."

உண்மைதான். மகள் ஒருநாளும் கேட்டதில்லை. பத்தொன்பது வருஷம் காதைத் தீட்டி வைத்திருந்தவள், பெற்ற பெண்ணின் மனசைக் கேட்டுப் பார்க்கவில்லை.

கூழாங்கல் கதவை விட்டு விலகி வழி கொடுத்தாள். "உள்ளே வாங்க. கால் ரெண்டும் விறைச்சுப் போயிருக்கு" என்றாள். சர்க்கரை போடாத வெறும் வெந்நீரைக் கொண்டுவந்து நாணலின் கையில் கொடுத்தாள். நாணல் அதைக் குடிக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருஷம் சாறு ஏறும்போது அவள் தன் ஊருக்குத் திரும்பிப் போனாள். சதுப்போரக் குடிசையில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டி செந்நரியிடமே இருந்தது. நாணலுக்கு எந்தக் காவலும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சிம்பு பிடுங்குகிறவர்களோடு போய் நின்றுகொண்டாள்.

ஆகையினால் கேட்டுக்கொள்ளுங்கள்: ஊர் நம்மை நம்பி ஒரு வேலையை ஒப்படைத்திருந்தால், பெற்ற பிள்ளையின் நன்மைக்காகக்கூடத் தெரிந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது.